மூன்று பிரதிகளில் ஒரு மனு

போரில் சேராத நடுநிலை நாட்டவரைச் சிறைவைக்கலாகாது. அவர்கள் பதிவு செய்துகொண்டால் போதும். ஜப்பானியர் எங்கள் ஊரைப் பிடித்ததும் ஒட்டிய அறிவிப்பு அப்படித்தான் சொன்னது. அரசாங்க அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்த கிராணியான நான் அதை நம்பினேன்.

காஜா பேராங் பகுதியில் மதுக்கடை வைத்திருந்த ஐரிஷ்காரர் நடுநிலை நாட்டவர். சனிக்கிழமைதோறும் அங்கேதான் சாப்பிடுவேன். மது தீர்ந்த பிறகும் போனேன். கடைசியாகப் போன அன்று, சமையற்காரி காமாட்சி ஆட்டிறைச்சி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கில் ஸ்டூ வைத்திருந்தாள். அவள் கம்போங் செட்டிக்காரி; பல தலைமுறையாக மலாய் பேசும் தமிழ் வம்சம், தமிழ் வராது. ஐரிஷ்காரரைப் புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் ஒளித்துவைக்க அவளுடைய அண்ணன் மாட்டுவண்டியோடு வந்திருந்தான்.

"ஜாங்ஙான் பெர்கி, துவான்," என்று, பதிவுக்குப் போக வேண்டாம் துரை என மலாயில் அழுதாள்.

அவர் முன்பு தோட்டத்தில் வேலை பார்த்தபோது கற்ற தமிழில் என்னைக் கேட்டார்: "நீ சொல்லு கிராணி. ஒளியவா, போகவா?"

"ஒளிஞ்சா குத்தவாளி ஆயிடுவீங்க, தொரை. மனு நானே எழுதித் தர்றேன். மூணு பிரதி."

"மூணு போதுமா? நாலு எழுதினாத்தானே ஒனக்குத் தூக்கம் வரும்!"

சிரித்துக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மனுவோடு போனார். அலுவலகத்தில் மனுவை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அவரையும் வைத்துக்கொண்டார்கள். காமாட்சி தினமும் சிறைவாசலுக்குச் சோறு கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். சிறையிலேயே வயிற்றுக்கடுப்பில் அவர் செத்துப்போனார்.

ஓய்வுபெற்ற பிறகும், அந்த மனுவுக்கு வந்த பதிலை வைத்திருக்கிறேன். மனு ஏற்கப்பட்டது, மனுதாரர் வீட்டிலேயே இருக்கலாம் என்கிறது. நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. அது வந்து சேர்ந்தது, காமாட்சி வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கு ஸ்டூவைப் படைத்த அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று.