புயலுக்கு முன் ஓர் ஊறுகாய்ப் போத்தல்

அன்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நாலு பேர். நான். என் மனைவி சுகந்தி. இரவல் வாங்கிய ட்ரில் மெஷினைத் திருப்பித் தர வந்து, தேத்தண்ணிக்காக உட்கார்ந்துவிட்ட மேல்மாடி குமார் அண்ணை. பிறகு, மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த போனுக்குள், ஃப்ளோரிடாவிலிருந்து எங்கள் மகள் ஆரணி.

அட்லாண்டிக் சமுத்திரத்தில் அன்று யாரும் இல்லை.

அதைக் காலையிலிருந்து நான்கு தரம் பார்த்து உறுதிசெய்திருந்தேன். ஜூன் முதலாம் திகதி. அங்கே புயல் காலம் தொடங்கும் நாள். அமெரிக்கக்காரரின் புயல் வரைபடம் வெறும் நீலமாகக் கிடந்தது. அடுத்த ஏழு நாளைக்கு ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது நிம்மதி. எனக்கோ... எட்டாம் நாள்?

"அட்லாண்டிக் புயலுக்கு ஹம்பேர்க்கில இருந்து குடை பிடிக்கிற ஒரே ஆள் நீர்தான்," என்றார் குமார் அண்ணை.

என்ன செய்ய? இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பயங்கள் பழக்கம். லிஃப்ட். அரசாங்கம் தபால் பெட்டிக்குள் போடும் மஞ்சள் கவர். நிறுத்தினேனா என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்க்கும் அடுப்பு. புயல் மட்டும் போன வருடம் வந்து சேர்ந்தது — ஆரணி வேலை செய்யும் பம்ப் கம்பெனி அவளை இரண்டு வருடத்துக்கு அங்கே அனுப்பிய பிறகு. கடலுக்குப் பக்கத்தில், நிலத்தோடு ஒட்டிய வீடு.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூமிசாஸ்திரப் புத்தகத்தில் அட்லாண்டிக் வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். இப்போது அறுபதை நெருங்கும் வயதில் தனியாகப் படிக்கிறேன். புயல் வருகிறது என்றால் வரைபடத்தில் வெள்ளையாக ஒரு கூம்பு போடுவார்கள். இன்று புயல் நிற்கும் இடத்தில் ஒடுக்கம். ஐந்து நாள் தள்ளிப் போகப் போக அகலம். போன வருடம் அதைப் பார்த்துவிட்டு, புயல் ஊதிப் பெருத்து முழு மாநிலத்தையும் மூடப் போகிறது என்று நினைத்துவிட்டேன். அகலம் என்றால் பருமன்தானே?

ஆரணிதான் திருத்தினாள். "அது புயலின்ர சைஸ் இல்லையப்பா. நடு எங்க போகும் எண்டு அவைக்குத் தெரியாத அளவு. நாள் கூடக் கூடத் தெரியாததும் கூடும்."

அப்படியென்றால் அது என் மூளையின் படமும்தான்.

அந்தப் புயல் அவள் ஊரை உரசிக்கொண்டு போனது. அன்று போன் எடுத்தபோது, "சும்மா மழையப்பா, ஒண்டுமில்லை" என்றாள். நம்பினேன். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவளின் போனில் சுகந்தி படங்களைத் தள்ளிக்கொண்டு போகையில் ஒன்று கண்ணில் பட்டது. ஜன்னல் இல்லாத பாத்ரூம். குளியல் தொட்டிக்குள் தலையணை. தொட்டிக்கு மேலே மறைப்பாக மெத்தை. அடுத்த படத்தில் வாசல்படி வரை தண்ணீர். திகதி? அதே 'சும்மா மழை' நாள்.

அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். ஐந்து மாதம் பொறுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன்.

"இந்த முறை புயலுக்கு வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போவியோ, பிள்ளை?"

"பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதை. போன முறை என்னத்துக்கு அங்க இருந்தனி?"



"விரும்பினால் வெளிக்கிடலாம் எண்டுதான் சொன்னவை. காரில சாமான் எல்லாம் ஏத்திப்போட்டன். பிறகு யோசிச்சன்... ரோட்டில நிண்டால் உங்களுக்குச் சொல்லவேணும். எங்க நிக்கிறாய், பெற்றோல் இருக்கோ எண்டு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எடுப்பீங்கள். நித்திரை கொள்ள மாட்டீங்கள். வீட்டில இருந்தால் ஒண்டுமில்லை எண்டு சொல்லலாம்."

குமார் அண்ணை கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார்.

என் பயம் அவளுக்கு ஒரு காவல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது அவளைத் தொட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறது.

'ஒண்டுமில்லை' என்ற பாடத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து போன் எடுப்பவர்கள் "நாங்கள் சுகம்" என்பார்கள். பின்னால் ஷெல் விழும் சத்தம் கேட்கும். நானும் இங்கே அகதி முகாமில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்துகொண்டு "நல்ல வீடு, நல்ல வேலை" என்பேன். யாரும் யாரையும் பயப்படுத்தவில்லை. யாரும் நித்திரை கொள்ளவுமில்லை. ஒருவர் சொல்லாமல் விட விட, மற்றவர் பக்கத்தில் அந்த வெள்ளைக் கூம்பு அகன்றுகொண்டே போகிறது...

"சரி, இப்ப நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் ஆரணி. "போன செவ்வாய்க்கிழமை இருதய டொக்டரைப் பாக்க டெர்மின் இருந்தது எல்லோ. என்னவாம்?"

"ஒண்டுமில்லை," என்றேன்.

சுகந்தி தொண்டையைச் செருமினாள். "டொக்டர் பாவம், என்னத்தைச் சொல்லுறது? இவர் போனால்தானே. டெர்மினைத் தள்ளிவைச்சிட்டார், ரெண்டாந்தரம். ஃப்ளோரிடாவில காத்தடிக்குதோ எண்டு இஞ்ச இருந்து பார்க்கிற மனுசனுக்குத் தன்ர நெஞ்சுக்க என்ன அடிக்குது எண்டு பார்க்கப் பயம்."

"அதுக்கு வரைபடம் போட மாட்டினம் எல்லோ, அதுதான்," என்றார் குமார் அண்ணை.

ஆரணி சிரிக்கவில்லை. கம்பெனி மீட்டிங்கில் பேசும் குரல் வந்தது. "நவம்பரில புயல் காலம் முடியுமட்டும் ஒரு டீல். போகச் சொன்னால் நான் போவன். எங்க நிக்கிறன் எண்டு நானே மெசேஜ் போடுவன். நீங்கள் நாளைக்கே டெர்மின் எடுக்கவேணும். ரெண்டு பேரும் ஒளிக்கக்கூடாது. ஒளிச்சால் ஒவ்வொரு தரமும் அஞ்சு யூரோ."

சுகந்தி எழுந்து போனாள். முடிந்த ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் சாட்சி," என்றார் குமார் அண்ணை.

போனை வைக்கும் முன் ஆரணி கேட்டாள். "இண்டைக்கு நித்திரை கொள்ளுவீங்களோ அப்பா?"

"ஓம், நல்லாய்க் கொள்ளுவன்."

சுகந்தி போத்தலின் மூடியைத் திறந்து நீட்டினாள். ஐந்து யூரோ போட்டேன்.

திங்கள் காலை டொக்டருக்குப் போன் எடுத்தேன். மூன்று கிழமை தள்ளித்தான் இடம் இருந்தது. திகதியைச் சுகந்தி வாசல் கதவில் ஒட்டியிருக்கிறாள் — வெளியே போக வேண்டுமானால் அதைப் பார்க்காமல் போக முடியாது.

வியாழக்கிழமை, வேலை முடிந்து எஸ்-பான் ரயிலில் வந்துகொண்டிருக்கிறேன். ஆரணியிடமிருந்து மெசேஜ். ஜெர்மன் எழுத்தில் எழுதும் அவளுடைய தமிழ்.

"அப்பா, வரைபடத்தில கரீபியன் பக்கம் மஞ்சளாய் ஒண்டு வந்திருக்கு. மஞ்சள் எண்டால் அனேகமாய்க் கலைஞ்சு போகும். எண்டாலும் எனக்குக் கொஞ்சம் பயம். பார்த்தனீங்களோ?"

எனக்குக் கொஞ்சம் பயம். பிறந்து இருபத்தெட்டு வருடத்தில் அவள் எனக்கு அப்படி ஒரு வரி எழுதியதில்லை. படபடத்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு ஏனோ அடங்கியது. அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அவ்வளவுதான். கூம்பு அவ்வளவு அகலமில்லை.

பதில் எழுதும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. "இல்லைப் பிள்ளை, இப்ப நீ சொல்லித்தான் தெரியும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து ஒன்பது தரம் பார்த்திருந்தேன்.

ஆரணிக்குத் தமிழ் வாசிக்க வராது. இந்தப் பக்கத்தைச் சுகந்திதான் வாரா வாரம் போனில் வாசித்துக் காட்டுவாள். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்: போத்தலுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஐந்து யூரோ.