விமானத்தில் ஏறாத எள்ளுருண்டை

ராகலை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு கம்பளி, அதற்குள் மாற்றிக் கட்ட ஒரு சாரம். பின்னால் தேயிலைத் தோட்டம் பனிக்குள் போய்விட்டது. எவனாவது எதிரே வந்து, எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தால் அடித்திருப்பேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் விறகுக்கும் சமையலுக்கும் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஹட்டனிலும் பூண்டுலோயாவிலும் கடை கடையாக அடுப்படியில் நின்று எண்ணெய்ச் சட்டி கைக்குப் பழகியிருந்தது. கங்காணி தன் மகனுக்குப் பெண் பார்க்கத் துறையூர்ப் பக்கம் புறப்பட்டார். இந்தியாவுக்கு ஊரெல்லாம் தலைமன்னார் போய்க் கப்பலேறும். இவர் திருச்சிக்கு விமானத்தில்தான் போவேன் என்றார். விமானத்தில் கொடுப்பதை யார் கை தொட்டிருக்குமோ என்று கங்காணியம்மாவுக்குக் கவலை. அதனால் வழிக்கும் பெண் வீட்டுக்கும் சேர்த்துப் பலகாரம் செய்யச் சொன்னார்கள்.

என் அம்மா அந்தப் பக்கத்து ஊரில்தான் இருந்தாள். அப்பா செத்ததும் போனவள். நான் போய்ப் பார்க்க முடியாது. பிரஜாவுரிமை இல்லாதவன் கடலைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை. அவளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோவீர்களா என்று கங்காணியிடம் கேட்டேன். கொடுடா, அது என்ன பெரிய பாரம் என்றார். கங்காணி பெண் பார்க்க இன்ன வீட்டுக்கு வருகிறார், போய்ப் பார் என்று அம்மாவுக்குக் கார்டு போட்டேன்.

முறுக்கும் சீடையும் அதிரசமும் அவர்களுக்கு. டின்னில் அடுக்கி, காத்துக் கருப்பு அண்டாமல் மேலே ஒரு கரித்துண்டு வைத்தேன். அம்மாவுக்குப் பல் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். எள்ளை வறுத்து, கித்துள் கருப்பட்டி சேர்த்து, உரலில் மெத்தென்று இடித்து உருண்டை பிடித்தேன்.

விமானத்தில் இத்தனை றாத்தல்தான் ஏற்றுவான் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியை நிறுக்க மடுவத்துக்குத் தூக்கிப் போனோம். கொழுந்து நிறுக்கும் தராசு அங்கேதான் தொங்கும். அந்த முள் என்றைக்கும் கொஞ்சம் பின்வாங்கித்தான் நிற்கும். அது போதாதென்று கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை வேறு கழிப்பார். இது தெரியாத பெண் தோட்டத்தில் இல்லை. பெட்டியைக் கொக்கியில் மாட்டினோம். எடை கச்சிதம். கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஐயா, இந்தத் தராசு கொறச்சுத்தாங்க காட்டும். கடைத் தராசுல ஒருக்கா வச்சுப் பாத்துருவோம்ங்க" என்றேன்.

கணக்கப்பிள்ளை முகம் கறுத்தது. கங்காணி என்னை முறைத்தார்.

"இத்தன வருசமா இதுலதாண்டா நிறுக்கிறோம். தராசு பொய் சொல்லுதுங்கிறியா, நாங்க பொய் சொல்றோம்ங்கிறியா?"

கொழுந்து கொண்டுவந்த ஒரு அக்கா வரிசையிலிருந்து சொன்னாள்: "பொட்டி ஈரமா இருக்கும், அதுக்கும் ரெண்டு றாத்தல் கழிச்சு விட்டுருங்கய்யா."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துக் கங்காணி திரும்பி வந்தார். விறகுக் கட்டோடு போய் நின்று, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கொழும்பில் எடை கூடிவிட்டதாம். எதையாவது இறக்கு என்றானாம் விமானக்காரன். என் பொட்டலம் மேலே இருந்ததாம். பெட்டி தூக்கியவனிடமே கொடுத்துவிட்டாராம். முறுக்கு டின் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மா வந்தாளா என்று கேட்டேன்.

"வந்தா. வெயில்ல நடந்து வந்து வாசல்ல நின்னா. ஓம் மகன் ஒண்ணும் குடுத்துவிடலேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஏங்கய்யா அப்புடிச் சொன்னீங்க?"

"சம்பந்தி வீட்டு ஆளுக இருக்கையில, எட தப்பிப்போச்சு, எறக்கிட்டாங்கன்னு சொல்லச் சொல்றியா? மானம் போயிராது?"

அவர் மானத்துக்காக என் அம்மா வெறுங்கையோடு திரும்பி நடந்திருக்கிறாள், மகன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு. விறகை அவர் காலடியிலேயே போட்டேன். கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. கம்பளியைத் தோளில் போட்டு ராகலை ரோட்டில் இறங்கினேன்.

அன்றிரவு ராகலையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் படுத்தேன். விடிந்ததும் கடைக்கார முஸ்லிம் நானா, வடை போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்; இனி எவன் அடுப்படியிலும் நிற்பதாக இல்லை. எதிரே மரக்கறிக் கடை முதலாளியின் லொறி நின்றது. கோவா, கரட் மூட்டை ஏற்றி மன்னார்ப் பக்கம் போகிறதாம், தலைமன்னார்வரை. கப்பலுக்கு நிற்கிற கூட்டத்தில் துறையூர்க்காரன் ஒருவனாவது இருக்க மாட்டானா? நான் கார்டில் எழுதினால் சாக்கு என்று நினைப்பாள்; நடந்ததை அவன் வாயால் அம்மாவிடம் சொல்லச் சொல்லலாம். கூலி என்னவென்று கேட்காமல் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.