செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவு

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அது. ஓட்டுநருக்கு நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார்.

அன்று மலைமெட்டு ஏறும்போது, பக்கத்து சீட்டிலிருந்த என்னிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இந்த சோசியல் மீடியா கம்பெனிக்காரனுக்குப் பொய்யைப் பரப்புறதே சோலியாப் போச்சு சார். பார்லிமெண்டுல கடுமையாச் சட்டம் போட்டாத்தான் அடங்குவான்."

செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்தினார். "பெர்மிட்டுக்கு மேல இருக்க ஆளுக மட்டும் எறங்கி வெரசா நடந்து வாங்க."

செக்போஸ்ட்டுக்கும் ஒரு கும்பிடு. அதைத் தாண்டியதும் இறங்கியவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்.

"அந்தக் கம்பெனிக்காரங்களும் இப்படியே செஞ்சா என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன்.

ஒரு வளைவு முழுக்க யோசித்தார்.

"சேச்சே, அவுக படிச்சவுக சார். சட்டம் போட்டா அதும்படி நடப்பாக."

கிண்டலா, நம்பிக்கையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வளைவிலும் கும்பிட்டார்.