தொட்டி வண்டியும் தங்கச்சி கல்யாணமும்

ஆசிரியர் அறை என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த கணக்கு டீச்சர் பதறி எழுந்து நின்றார். என் கைப்பேசியில் ஒரு டிவிடி உறையின் படம். பாலைவனம், ஒரு கழுதை வண்டி, வண்டிமேல் பெரிய பித்தளைக் குளியல் தொட்டி. தொட்டிக்குள் தொப்பியோடு ஒரு குள்ளன், வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு நெட்டையன். இதேதான்! பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்காக நான் தேடிய கௌபாய் காமெடிப் படம். பழைய படப் பைத்தியங்கள் கூடும் இணையக் குழுவில் “தொட்டி, கழுதை, ரெண்டு பேர், முகமெல்லாம் மாவு” என்று எழுதிப் போட்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்துவிட்டார். படத்தைச் சுத்தம் செய்து புதிதாக டிஸ்க் போட்டிருக்கிறார்களாம். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தவே இல்லை.

இவ்வளவு ஆட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குப் பத்து வயதில், வாப்பா துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு விசிஆரும் இந்த ஒரே ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். மேலப்பாளையத்தில் எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். வாப்பா டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் இங்கிலீஷில் பேசப் பேசத் தமிழில் சொல்லுவார். இருவரும் அண்ணன் தம்பி. தொட்டி, தங்கச்சி கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் சீர். வழி மறிக்கிறவனையெல்லாம் வாணலியால் சாத்தி, கூரையிலிருந்து விழுந்து, முடிவெட்டும் கடையில் சோப்பு நுரையில் வழுக்கி, எப்படியோ போய்ச் சேருவார்கள். கடைசியில் ரயிலடியில் ஒரு பெண் வந்து ரெண்டு பேரையும் பளார் பளாரென்று அறைவாள்.

“தங்கச்சிக்குக் கோவம். ஏன் இம்புட்டு நேரம்னு கேக்கா” என்பார் வாப்பா. பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

வாப்பாவைப் போல இங்கிலீஷ் பேச வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான் இன்று சேரன்மகாதேவியில் இங்கிலீஷ் டீச்சர். கேசட்டை அடுத்த வருடமே விசிஆர் மென்று துப்பிவிட்டது.

டிஸ்க் வந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுப் பரணிலிருந்த டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு மேலப்பாளையத்துக்கு ஓடினேன். உம்மா உறையைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்தாள். “யா அல்லா! தங்கச்சி கல்யாணப் படம்லா இது!”

வாப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “இப்ப எதுக்கு புள்ள அது? கரண்டு வேற போவும்போல இருக்கு.”

கரண்ட் போகவில்லை. படம் ஓடியது. என்ன தெளிவு! கழுதையின் காதுமயிர் தெரிகிறது. நெட்டையன் முகத்தில் மாவு மூட்டை வெடித்ததும் உம்மா சிரித்துச் சிரித்துச் சேலையால் கண்ணைத் துடைத்தாள். நான் சோபாவில் குதிக்காத குறை. அப்புறம் குள்ளன் முதல் வசனம் பேசினான். திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது.

‘அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாளுதான் இருக்கு’ என்று வாப்பா சொன்ன இடம் அது. எழுத்தில் இருந்ததோ வேறு: ‘இந்தத் தொட்டியைத் திருடியவன் நீ. மாட்டினால் தூக்கில் தொங்கப்போகிறவனும் நீயே.’

முன்னால் நகர்ந்து வாசித்தேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. முந்தாநாள் சிறையில் சந்தித்துக்கொண்ட ரெண்டு களவாணிகள். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல! தெருவே மதித்த மனுஷனை, அவர் பெண்டாட்டி முன்னால், அவர் பெற்ற மகளே டிஸ்க் வாங்கிவந்து காட்டிக்கொடுக்கிறேன். ரிமோட்டைத் தடவி எழுத்தை நிறுத்தினேன்.

“கீழ என்னமோ ஓடுச்சே, ஏன் நிப்பாட்டுன? நீ டீச்சர்தானே, வாசிச்சுச் சொல்லேன்” என்றாள் உம்மா.

“வாப்பா சொன்னதுதாம்மா எழுதியிருக்கு. கண்ணை மறைக்குதுன்னு நிப்பாட்டுனேன்.”

வாப்பா கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும்.

“எழுத்தைப் போடு புள்ள.”

“வேண்டாம் வாப்பா, அது சும்மா…”

“போடுன்னு சொல்லுதேன்லா. எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்? அங்கன நான் மூட்டை தூக்குனவன். லீவுல வாரேன், தெருவே வந்து உக்காந்திருக்கு. துபாய்க்காரனுக்கு ஒரு எழவும் விளங்கலன்னு எப்படிச் சொல்ல? வாயில வந்ததைச் சொன்னேன்.”

வாப்பாவின் காதுமடல் சிவந்திருந்தது. உம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் பக்கம் திரும்பினேன்.

உம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாப்பாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப ரயிலடியில வந்து அறையுதாளே, அந்தப் பொம்பள யாரு?”

“அதத்தான் நானும் முப்பது வருசமா யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன்” என்று வாப்பா நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். “மொதல்ல இருந்து போடு புள்ள. ஒண்ணு விடாம வாசி.”