பேச, படிக்க, எழுத

"தமிழா சார்? அது என் ரத்தத்துல ஓடுது! பேச, படிக்க, எழுத மட்டும் இல்ல, நான் கனவு காண்றதே தமிழ்லதான். உங்க ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இல்லியே, ஏன் சார்?"

கரோல்பாக்கில் ஒரு மாடிப்படியின் அடியில் யாத்திரை நிறுவனம் நடத்திவரும் வெங்கட்ராமனின் முன்னிலையில் இந்தப் பிரகடனம் வெளியானபோது ஜ்யோத்ஸ்னாவுக்கு வயது இருபது. சுற்றுலாப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. வழிகாட்டி வேலைக்கான விண்ணப்பத்தில் தமிழுக்கு நேரே இருந்த மூன்று கட்டங்களிலும் டிக் அடித்திருந்தாள். 'பேச' என்ற கட்டத்தில் அடித்தது நியாயம். மற்ற இரண்டும் ஒரு உற்சாகத்தில் அடித்தவை. வெங்கட்ராமன் ஒரு வரி படிக்கச் சொல்லிச் சோதித்திருக்கலாம்தான். ஆனால் அவரும் டெல்லியில் பிறந்தவர். சோதிக்கிறவருக்கும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்த மாதிரிச் சோதனைகளில் உள்ள பெரிய சங்கடம்.

ஜ்யோத்ஸ்னாவின் தந்தை கல்யாணராமன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். பொங்கல்தோறும் ஆர்.கே.புரம் தமிழ் விழா மேடையேறித் தமிழின் தொன்மை பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். மகளை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம் என்று மனைவி விஜயலக்ஷ்மி சொன்னபோது மட்டும், "இங்கிலீஷ் போயிடும்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஏற்பாடாயிற்று. அ, ஆவில் ஆரம்பித்து வீறுநடை போட்ட குழந்தை, 'ங' வந்ததும் நின்றது. இந்த எழுத்தில் தொடங்கும் பண்டம் ஒன்றைக்கூட ஆசிரியையால் காட்ட முடியவில்லை. ஏமாற்று வேலை என்று முடிவு கட்டி வீட்டுக்கு வந்த குழந்தை அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. தன் பெயரைத் தமிழில் எழுதுவது எப்படி என்பது அவளுக்கு இன்றுவரை வதந்தி மட்டத்திலேயே இருக்கிறது.

அவளுடைய கல்லூரியில் 'பயணமும் தன்னறிதலும்' என்று ஒரு பாடம் உண்டு. இருபது மதிப்பெண். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தன்னைத் தான் உணர்ந்த தருணத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். ஜ்யோத்ஸ்னா ஜெய்சல்மேர் மணல்மேட்டில் தன்னைக் கண்டுபிடித்தாள். ரிஷிகேசத்துப் படித்துறையில் மறுபடியும் கண்டுபிடித்தாள். மணாலிப் பனியில், விரல் விறைத்த நிலையிலும், மூன்றாவது தடவை. காணாமலே போகாத ஒரு பெண் ஒரே வருஷத்தில் மூன்று ஊர்களில் கண்டெடுக்கப்பட்டதைப் பாராட்டி, கல்லூரி அவளுக்குப் பதினெட்டு மதிப்பெண் வழங்கியது.

இவ்வளவு தகுதியோடுதான் ஜனவரியில் அவளிடம் முப்பத்தொரு பேர் ஒப்படைக்கப்பட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த யாத்திரைக் குழு. இரண்டு நாள் டெல்லி, பிறகு ஹரித்வார். அவர்களில் ஒருவர் பாலசுப்ரமணியம். எழுபது வயது, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜ்யோத்ஸ்னா தலைகளை எண்ணி முடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் குரல் வரும்.

"எல்லாரும் ஏறியாச்சு. போலாம் ரைட்!"

"அங்கிள், நீங்க வந்துட்டா எனக்கு வேலையே இல்ல."

"டிக்கெட் மட்டும் நீ கிழி தாயி. மத்ததை நான் பார்த்துக்கிடுதேன்."

அவருடைய மனைவி இந்திராணி இந்த உரையாடல்களில் கலந்துகொள்வதில்லை. அவர் கை எப்போதும் கணவரின் முழங்கையில் இருந்தது. கணவர்மேல் அத்தனை பிரியம் என்று குழு முடிவு செய்திருந்தது.

முதல் நாள் காலை, மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் இந்திராணி ஒரு மடித்த தாளை ஜ்யோத்ஸ்னாவின் கையில் திணித்தார்.

"எங்க சொந்தக்காரங்க விலாசம்," என்றார், தேவைக்கு அதிகமான சத்தத்தில். பிறகு குரலை இறக்கி, "படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுரு தாயி."

ஜ்யோத்ஸ்னா தாளைப் பிரித்தாள். நெருக்கமாக எழுதிய எட்டு வரிகள். படிக்கத் தெரியாதவர்கள் படிப்பது ஒரு தனி வித்தை. கண்கள் இடமிருந்து வலம் போய்வர வேண்டும். பாதியில் ஒரு தலையசைப்பு. முடிவில் ஒரு சிறு பெருமூச்சு. அத்தனையும் பிசகாமல் செய்தாள்.

"சரி ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்."

"அப்படி என்ன ரகசியம்?" என்றார் பாலசுப்ரமணியம்.

"உங்க தங்கச்சி வீட்டு விலாசம்."

"எந்தத் தங்கச்சி?" என்று அவர் சிரித்தார். ஜ்யோத்ஸ்னாவும் சிரித்தாள். இந்திராணி சிரிக்கவில்லை.

தாளை அவள் கிழிக்கவில்லை. விலாசம்தானே, சாயங்காலம் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று கைப்பையில் வைத்தாள். சாயங்காலம் வந்தது, போயிற்று.

மறுநாள் மதியம் ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையம். உள்ளே போகுமுன் உடல் சோதனை. பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை.

"லேடீஸ் இந்தப் பக்கம், ஜென்ட்ஸ் அந்தப் பக்கம்! ஜல்தி, ஜல்தி!" என்று ஜ்யோத்ஸ்னா அவசரப்படுத்தினாள்.

இந்திராணி நின்றார். கணவரைப் பார்த்தார், பிறகு ஜ்யோத்ஸ்னாவை. "இவுக..." என்று இழுத்தார்.

"நான் இருக்கேன்ல ஆன்ட்டி?"

எல்லாம் தெரிந்த ஒருத்தி சொல்லும் சொல் அது. இந்திராணி கணவரின் முழங்கையை விட்டார். அவருடைய மஃப்ளரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, துணித் தடுப்புக்குப் பின்னால் போனார்.

சோதனை முடிந்து ஜ்யோத்ஸ்னா எண்ணினாள். முப்பது. மறுபடி எண்ணினாள். முப்பது. ஏதோ குறைகிறதே என்று ஒரு கணம் யோசித்தாள். யாரும் ரைட் சொல்லவில்லை.

ஆண்கள் வரிசை நீளம். அதில் நின்றிருந்த ஒருவர் எதற்காக நிற்கிறோம் என்பதை மறந்து, வந்த படியிலேயே ஏறி வெளியே போய்விட்டார் என்பதைப் பிறகு கேமராவில் பார்த்தார்கள். அரைக்கை ஸ்வெட்டரோடு, அவசரமே இல்லாமல், டெல்லிக்குள் நடந்து போனார். அவருடைய போன் மூன்று மாதமாக மனைவியின் பையில்தான் இருந்தது.

"சீட்டைப் படிச்சேல்ல தாயி?" என்றார் இந்திராணி. அதட்டலாகக் கேட்கவில்லை. கெஞ்சலாகக் கேட்டார்.

"படிச்சேன் ஆன்ட்டி."

அதைச் சொல்லிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய், தாளைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். விஜயலக்ஷ்மி போனில் வாசித்தார்: "'இவுகளுக்கு ஞாபகம் போயிட்டு. மறக்கிறது அவுகளுக்கே தெரியாது, தெரிஞ்சா உடைஞ்சு போவாக. நான் பக்கத்துலயே இருப்பேன். ஆம்பளைங்க வரிசைக்கு மட்டும் என்னால கூடப் போக முடியாது. அங்க யாரையாவது துணைக்கு விடு. வேற யாருக்கும் சொல்லிராத.' யாருடி எழுதினது இது? ஹலோ? ஜ்யோ?"

இந்தத் தருணத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத முடியுமா என்பது பற்றிக் கல்லூரி விதிகளில் குறிப்பு இல்லை.

குழு வேறொரு வழிகாட்டியோடு ஹரித்வாருக்குப் போயிற்று. இந்திராணி ஆர்.கே.புரத்தில், ஜ்யோத்ஸ்னாவின் கட்டிலில் படுத்தார். படுத்தாரே தவிரத் தூங்கவில்லை. இருவரும் பகலெல்லாம் குருத்வாராக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் போட்டோவைக் காட்டினார்கள். ஜ்யோத்ஸ்னா அந்த நான்கு நாளில் பார்த்த டெல்லி, அவளுடைய பாடப் புத்தகம் எதிலும் இல்லை. மேம்பாலங்களுக்கு அடியில் போர்வைக்குள் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக, "மாஃப் கர்னா பையா" என்று மன்னிப்புக் கேட்டு விலக்கிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் இந்திராணி சொன்னார்: "ஆம்பளை வரிசைன்னு எழுதணும்னு நினைச்சேன் தாயி. எழுதுனேனா இல்லையான்னு இப்ப சந்தேகமா இருக்கு. எழுதியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட. எனக்கும் மறதி வந்துட்டு போல. நான்தான் தொலைச்சுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி," என்றாள் ஜ்யோத்ஸ்னா. அதற்குமேல் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அவள் ரத்தத்தில் ஓடிய தமிழ் அதைக் கொண்டுவந்து தரவில்லை.

நான்காம் நாள் காலை போன் வந்தது. பிணவறையில் அடையாளம் காட்டி முடிந்தது. குளிர்தான் காரணம், வேறு காயமில்லை என்றார்கள். அதை ஒரு நல்ல செய்தி போலவே சொன்னார்கள்.

போலீஸ் அதிகாரி இறந்தவரின் சட்டைப்பையில் இருந்தவற்றை மேஜைமேல் வைத்தார். ஒரு சீப்பு, ஒரு பழைய விசில், பாலிதீன் உறைக்குள் ஒரு தாள். தாளை ஜ்யோத்ஸ்னாவிடம் நீட்டினார். "உங்க பாஷைதானே? பட்கே பதாவோ."

படித்துச் சொல்ல வேண்டும். ஜ்யோத்ஸ்னாவின் கண்கள் பழக்கத்தில் இடமிருந்து வலம் போயின. பாதியில் வரவேண்டிய தலையசைப்பு வரவில்லை.

"நீங்க படிங்க ஆன்ட்டி. எனக்குப் படிக்கத் தெரியாது."

"கண்ணு கலங்குதா தாயி?"

"இல்ல. தமிழ் படிக்கத் தெரியாது. நீங்க குடுத்ததையும் நான் படிக்கல. அதுல ஆம்பளை வரிசைன்னு எழுதியிருந்தீங்க. எல்லாமே சரியாதான் எழுதியிருந்தீங்க."

இந்திராணி திட்டவில்லை. அழவுமில்லை. கையை நீட்டித் தாளை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"'உன் பேரு பாலசுப்ரமணியம். கூட இருக்கது இந்திராணி, உன் சம்சாரம். மறதி வந்துட்டுன்னு அவகிட்ட காட்டிக்கிடாத. பயந்துருவா.'"

ஜ்யோத்ஸ்னா அதை ஹிந்தியில் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஹிந்தியில் ஒரு வரி ஏற்கெனவே அச்சாகியிருந்தது: 'மூலத்தைப் படித்து மொழிபெயர்த்தேன்.'

அவள் பேனாவை வாங்கினாள். 'படித்து' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே 'இன்னொருவர் படிக்கக் கேட்டு' என்று ஹிந்தியில் எழுதி, கையெழுத்துப் போட்டாள்.