நாற்பத்துநாலு கிலோ

ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்கில் அன்று நானும் என் அறைத்தோழனும், கோயிலுக்குப் போகிற சாக்கில் கூடவே வந்துவிட்ட வீட்டுக்கார அக்காவும் இருந்தோம். முதல் ஷிப்டுக்குப் போய்விட்டதால் எங்கள் அறை அண்ணன் இல்லை. மூவரில் மூத்தவர், தோழனைப் போலவே தூத்துக்குடிப் பக்கம். தோழனுக்கு எடை ஏற்றும் ஏற்பாடு எல்லாம் அவருடையதுதான்.

2004ஆம் வருஷம். தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் இருந்த எங்கள் இருவருக்கும் நிரந்தர வேலை வந்திருந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. தோழன் நாற்பத்துநாலு கிலோ. ஐம்பது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லைனில் யாரோ சொன்னதை அப்படியே நம்பினோம். அவன் அனுப்பும் பணத்தில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் ஊட்டினோம். தினமும் நாலு முட்டை, ஒரு சீப்பு பழம், கடலை, டானிக். அவன் துணியை நான் துவைத்தேன், அவன் முறைத் தண்ணீரை அண்ணன் தூக்கினார். தின்றது எதுவும் செலவாகக் கூடாதாம். அவனோ படுத்துக்கொண்டும் காலை ஆட்டுவான்.

"ஏலே, ஆட்டாத! தின்னதெல்லாம் அதுலயே போவுது."

"நானா ஆட்டுதேன்? அதுவா ஆடுதுண்ணே."

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணன் தன் லுங்கியால் அவன் கால்களைச் சேர்த்துக் கட்டினார். அவன் விரல்களால் பாயில் தாளம் போட ஆரம்பித்தான். அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, ஆட்டுக்குட்டிய கட்டுற மாரி கட்டிகினுகீறீங்க? துன்றதெல்லாம் எங்கதான் போவுது இவனுக்கு?"

அவன் மிச்சம் வைத்ததை நான் சாப்பிட்டேன். சோற்றைக் கொட்டத் தெரியாத வீட்டில் பிறந்தவன்.

கிளினிக்கில் எடை பார்த்தார்கள். அதே நாற்பத்துநாலு. தோழன் இறங்காமலே நின்றான். "சார், இன்னொரு தடவ பாருங்க."

"சத்தியமா நெறய துன்றான் டாக்டரே," என்றார் அக்கா.

லுங்கிக் கதை வரை கேட்டுவிட்டு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மூளையில சில என்சைம் இருக்குப்பா. உடம்புல எரிபொருள் எவ்வளவுன்னு பாத்து, சாப்பிடு, போதும், செலவு பண்ணு, சேத்து வைன்னு சொல்றதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. ஆளுக்கு ஆள் மாறும். இவன் மூளை செலவாளி."

என்சைம் என்கிற நொதி என்றால் சோற்றைக் கரைப்பது என்று பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பு வரை படித்த ஒரே ஆள். "சார், நொதி வயித்துலதானே?"

"எல்லா இடத்துலயும் உண்டு தம்பி. தலைக்குள்ள அது என்னென்ன பண்ணுதுன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க."

தோழனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "அப்ப வேலை, சார்?"

"ஐம்பது கிலோன்னு எந்தக் காகிதத்துல போட்டிருக்கு? ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். உனக்கு ஒரு நோயும் இல்ல."

கையெழுத்துப் போட்டார். அக்கா அவன் கன்னத்தைக் கிள்ளி நெட்டி முறித்தார். அடுத்து என்னை ஏறச் சொன்னார்கள். ஐந்து கிலோ கூடியிருந்தேன்.

முட்டை, பழம், கடலை, டானிக், என் இரண்டு பேண்டையும் இடுப்பில் பிரித்துத் தைத்த கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.