ரிப்புத் துணி வயிற்றுவார்

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கட்டுச்சோறு விருந்து முடிந்து, ஏழு மாத வயிற்றோடு மண்ணரையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது அது சுத்தமாகவே இல்லை. என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்திருந்த அம்மா, புதிதாக வாங்கிய செல்போனை எடுத்து எடுத்து மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் போகுது கண்ணு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

அம்மா வீட்டுக்குப் பல்லடம் பஸ்ஸில் போய்விடலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பிரைவேட் பஸ் பறக்கிற பறப்பு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, தன் குதிரை வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பனியன் கம்பெனிகளுக்குத் துணி மூட்டை ஏற்றுகிற வண்டி. தெரு முழுக்க டெம்போ வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

வண்டி பூட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. குதிரையைப் பின்னுக்குத் தள்ளவே மாட்டார். அதை வாசல் வேம்பில் கட்டி நிறுத்திவிட்டு, வண்டியை அதன் பின்னால் மெல்ல உருட்டிவருவார். குதிரையின் இருபுறமும் வண்டியின் ஏர்க்கால்களை இறக்கி, தட்டிக்கொடுத்துக்கொண்டே வாரை மாட்டுவார். ஏர்க்கால் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது வயிற்றுக்கு அடியில் போகிற வார்தான். தோல்வார் உரசிப் புண்ணாகிறது என்று அன்று பனியன் துணியில் ஒன்று பின்னி மாட்டியிருந்தார். மெத்தென்று, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கிட்டப் போய்ப் பின்னலின் ஓரத்தை இழுத்தேன். பனியன் கம்பெனி செக்கிங்கில் நாளெல்லாம் துணியை இழுத்துப் பார்க்கிற கை. இழுத்த இழுப்புக்கு அது நீண்டது.

"ஏனுங்க, இது கழுத்துப்பட்டிக்கு வைக்கற ரிப்புங்க. பாரம் ஏற ஏற நீளுமுங்க."

"நாலு புரி போட்டுப் பின்னியிருக்கறேன் புள்ள. ஏறு."

"ஏறமாட்டனுங்க."

"நேரம் போகுது," என்றார் அம்மா மறுபடியும்.

"போனாப் போகட்டும்மா," என்று அம்மாமேல் எரிந்து விழுந்தேன்.

வண்டியின் பின்பக்கம் நான் உட்கார வேண்டிய இடத்தில் முதலில் துணி மூட்டையை வைக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைத் தூக்கி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் வையுங்கள் என்றேன்.

அதை வைத்ததும் குதிரை ஈயை விரட்ட உடம்பைச் சிலிர்த்தது. வார் நீண்டுகொண்டே போனது. ஏர்க்கால்கள் எழும்பி, வண்டி பின்பக்கம் சாய்ந்து, மூட்டைகள் சாக்கடையோரம் உருண்டன. மிரண்டு திமிறிய குதிரையை வேம்பின் கயிறும் அவர் கையும்தான் பிடித்து நிறுத்தின.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பதற்றத்திலும் வண்டியை முழுக்க விலக்கிய பிறகுதான் கடிவாளத்தைக் கழற்றினார். பிறகு என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது.

மகள் பிறந்து, அம்மா வீட்டில் என் பழைய நூல் சேலையில் தொட்டில் கட்டினோம். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. குழந்தையைப் போடப் போன அம்மாவை அவர் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்கத்தை."

சேலையை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து தூக்கி, முழு உடம்போடும் தொங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொருக்கா தொங்கிப் பாருங்க," என்றேன்.